வருத்தக்காரிக்கு இழைத்த பாய்

வன்னியில் வெறுங்கையோடு யாரும் வருத்தம் பார்க்கப் போனதில்லை. இன்று ஆஸ்பத்திரி வாசலில் நேரம் பார்த்து நிற்பவர்களின் கைகளில் நெஸ்ரமோல்ட் பக்கற்றும் தோடம்பழமும் பிஸ்கற்றும் இருக்கின்றன. எல்லாம் கடையில் வாங்கியவை, எல்லாம் பொலித்தீன் பைக்குள். என் அம்மாவின் காலத்தில் இரண்டு மூன்று முட்டை, கொஞ்சம் ஒடியல் மா, வளவில் பிடுங்கிய கீரை என்று ஓலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார்கள். வரும்போது பெட்டியைத் திருப்பி எடுத்துவர மாட்டார்கள். கொடுப்பதற்கென்று இழைத்தது பெட்டியைத்தான். அது வெறுமையாகப் போகக்கூடாது என்பதற்காகவே உள்ளே ஏதாவது வைத்தார்கள்.

நாட்பட்டுப் படுத்துவிட்டவர் என்றால் பெட்டி போதாது, பாய் இழைக்க வேண்டும். எங்கள் உருத்திரபுரத்து முற்றத்தில் அந்தப் பாயை ஒருத்தி தனியாக இழைத்து நான் பார்த்ததில்லை.

பனையோலை வேலை பற்றி நம் நூல்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைக் குடிசைக் கைத்தொழில் என்றும், வறிய பெண்களின் மேலதிக வருமானம் என்றும் எழுதுகிறார்கள். பனையின் பயன்கள் 801 என்று தாலவிலாசம் என்ற நூல் சொன்னதாக மேற்கோள் காட்டுவார்கள். வில்லியம் பேர்குசன் என்பவர் 1850இலேயே கொழும்பில் பனையைப் பற்றி ஒரு நூல் போட்டார். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கணக்கெடுத்த எல்லோரும் பொருளைத்தான் கணக்கெடுத்தார்கள். எந்தப் பெட்டி யாருக்காக இழைக்கப்பட்டது, எந்தப் பின்னேரத்தில் எந்தப் பெண்கள் கூடியிருந்து இழைத்தார்கள் என்பது நான் படித்தவற்றில் எழுதப்படவில்லை. என் அம்மாவும் அவருடைய கூட்டாளிப் பெண்களும் வாழ்நாளில் விற்றதைவிடக் கொடுத்தது அதிகம். அவர்கள் ஆசைக்காக இழைத்தவர்கள். வயல் வேலையும் சமையலும் முடிந்து வெயில் சாய்ந்த பிறகு தங்களுக்கென்று கிடைத்த ஒரேயொரு பொழுதை அவர்கள் ஓலையோடு கழித்தார்கள்.

வருத்தக்காரருக்குப் பாய் இழைத்த வன்னியின் கதை நோயின் கதையும்தான். குளம் உடைந்து காடேறிப்போன ஊர்களைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் படையெடுப்பை ஒருமுறை சொன்னால் காய்ச்சலைப் பத்துமுறை சொல்வார்கள். ஜே.பி. லூயிஸ் 1895இல் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி எழுதிய கையேட்டின் காலத்தில் இங்கே குடிசனம் மிகவும் குறைவு. மலேரியாவும் பறங்கிப் புண்ணும் ஊர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு உத்தியோகம் மாற்றினால் வீட்டில் அழுது வழியனுப்புவார்கள் என்று என் பாட்டனார் சொல்லுவார். 1946இல் டிடிரி தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியாக்காரர்தான் என்ற அளவுக்குக் குறைந்தது. பிறகு கவனம் தளர, 1960களின் முடிவில் ஐந்து லட்சத்துக்கு மேல் ஏறியது.

இந்த நோய்நிலத்தின் பெரிய தெய்வமும் களைத்து வந்த ஒரு கிழவியாகத்தான் முதலில் தோன்றினாள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம், மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி மூதாட்டி வடிவில் வந்தாள் என்பது வற்றாப்பளையின் கதை. பொடியன்கள் கொப்பும் குழையும் வெட்டிவந்து அவளுக்கு ஒரு கொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாள். தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது மயிரை விலக்கியவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடல்நீரில்தான் விளக்கெரிகிறது. அம்மை கண்டால் சனம் நேர்த்தி வைக்கும் கோயில் அது. என்னைக் கேட்டால், அந்தக் கதையில் ஆயிரம் கண்ணைவிடப் பெரியது அந்தக் கொட்டில். ஆரென்றே தெரியாத ஒரு கிழவிக்குப் பிள்ளைகள் சேர்ந்து தங்கள் கையால் கட்டியது அது.

ஓலை விசயத்துக்கு வருகிறேன். வன்னி முழுவதும் பனை இருப்பதாக வெளியூரார் நினைப்பார்கள். அப்படியில்லை. பூநகரி, பளை, முல்லைத்தீவுக் கடற்கரை என்று மணற்பாங்கான இடங்களில்தான் பனங்கூடல்கள். உள்ளே போனால் பாலையும் முதிரையும் வீரையும். அங்கேயுள்ள பழைய ஊர்களில் குளத்தில் வளரும் பன்னை வெட்டிக் காயவைத்துப் பாய் இழைப்பார்கள். பன்பாய் மெத்தென்று இருக்கும். ஓலைப்பாய் குளிர்மையாக இருக்கும். எது நல்லதென்று பழைய வன்னிச் சனமும் குடியேறிய சனமும் தங்களுக்குள் வாதாடுவார்கள்.

நாங்கள் குடியேறிய சனம். இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. அந்தத் தண்ணீரை நம்பி 1930களில் கிளிநொச்சியிலும், 1950களில் உருத்திரபுரம், வட்டக்கச்சிப் பக்கங்களிலும் குடியேற்றங்கள் வளர்ந்தன. என் பெற்றோர் தீவுப்பகுதியிலிருந்து உருத்திரபுரத்து எட்டாம் வாய்க்காலுக்கு வந்தபோது அம்மா கொண்டுவந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஓலை வாரும், கைப்பிடி தேய்ந்த ஒரு சத்தகம். மற்றது, வளவு எல்லையில் நடவென்று ஒரு கடகம் நிறையக் கொண்டுவந்த பனங்கொட்டை. பனை வளர்ந்து பாளை தள்ளப் பதினைந்து இருபது வருடம் செல்லும் என்று தெரிந்துதான் நட்டார். ஓலை அதற்கு முன்பே கிடைத்தது.

அம்மாவின் முற்றத்தில் கூடியவர்கள் ஒரே ஊரவர்கள் அல்ல. தீவாள் ஒருவர், வடமராட்சிக்காரி ஒருவர், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு அக்கா, பூநகரியிலிருந்து கலியாணம் முடித்து வந்த ஒரு மாமி. மலையகத்து அக்காவுக்கு முதலில் ஓலை பிடிக்கத் தெரியாது. கொழுந்து பறித்த விரல், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மற்றவர்களைவிட விரைவாக இழைக்கத் தொடங்கிவிட்டது. காணியும் தண்ணீர் முறையும் சாதியும் ஆண்களைப் பிரித்து வைத்திருந்த ஊரில் இந்தப் பெண்கள் ஒரே பாயின் நாலு மூலையிலும் இருந்தார்கள். இது சின்ன விசயம் என்று ஆராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலை இப்படி நடக்கும். சார்வோலையை வெட்டி விரித்து வெயிலில் காயப்போட வேண்டும். இரவில் பனியில் விட்டு எடுத்தால் ஓலை வெளுத்து, மடங்கினாலும் முறியாத பதத்துக்கு வரும். ஈர்க்கைக் கிழித்தெடுத்துவிட்டுச் சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார வேண்டும். இந்த வார்தல்தான் கலை. அகலம் பிசகினால் பின்னல் போகப்போகக் கோணும். பிறகு சாயம். கடையில் வாங்கிய சாயத்தைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து வார்ந்த ஓலையை அமிழ்த்தி எடுப்பார்கள். சிவப்பும் பச்சையும் கத்தரிப்பூ நிறமும்தான் அநேகமாகக் கிடைக்கும். தொடக்கம் போட்ட பிறகு கை தானாக ஓடும், வாய் கதைத்துக்கொண்டிருக்கும். கடகம் என்றால் பொத்த வேண்டும், வாயில் நார் வைத்துக் கட்ட வேண்டும். அது பலமான கைகளுக்குரிய வேலை. பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, தடுக்கு, குட்டான், வெற்றிலைக்குக் கொட்டப்பெட்டி, சின்னப்பிள்ளைக்குக் கிலுகிலுப்பை என்று ஓலையில் இல்லாத சாமான் வீட்டில் இருக்காது.

வருத்தக்காரருக்கான பாயில் எங்கள் முற்றத்தில் ஒரு முறை இருந்தது. புது ஓலையில்தான் இழைக்க வேண்டும், வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஓலை கூடாது. இழைப்பு கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். ஒருத்தி ஒரு சாண் அளவு இழைத்துவிட்டு மற்றவளிடம் கொடுப்பாள், அல்லது பாய் அப்படியே அடுத்த வீட்டுக்குப் போகும். மூன்று பக்கமும் விளிம்பை மடித்து முடித்துவிடுவார்கள். நாலாம் பக்கத்தை மட்டும் மடிக்காமல், கலையாதபடி ஓலைகளை முடிச்சுப் போட்டு விட்டுவிடுவார்கள். அதை வருத்தக்காரிதான் எழும்பி இருந்து முடிக்க வேண்டும். அவளுக்கு இழைக்கத் தெரியாதென்றால் அவள் வீட்டு ஆராவது முடிப்பார்கள், அவள் பக்கத்தில் இருந்து ஓலை எடுத்துக் கொடுப்பாள். இந்த முறையை ஆர் தொடங்கினார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "முடிச்சுக் குடுத்தா அவள் படுத்தே கிடப்பாள், பிள்ளை" என்றார். அதற்குமேல் அவர் விளக்கம் சொல்லவில்லை.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி படையினர் கைக்குப் போனபோது உருத்திரபுரம் முழுவதும் எழும்பியது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, துணுக்காய் என்று சனம் காட்டோரம் காட்டோரமாகக் கொட்டில் போட்டது. 1990இலிருந்தே பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், மருந்து எல்லாம் அளந்துதான் வந்தன. இடம்பெயர்ந்த சனத்தின் முதல் எதிரி நுளம்பு. மாரி முடிந்து தண்ணீர் தேங்கிய தை, மாசியில் கொட்டிலுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார். உச்சி வெயிலில் நாலு சாக்கைப் போர்த்தாலும் நடுங்குவார்கள், ஒரு மணித்தியாலத்தில் வேர்த்து ஊற்றும், அடுத்த நாள் ஒன்றும் நடக்காததுபோல எழும்பிப் போவார்கள், அதற்கடுத்த நாள் திரும்பவும் விழுவார்கள். குளோரோகுயின் குளிசையின் கசப்பு அந்தக் காலத்துப் பிள்ளைகளின் நாக்கில் இன்னும் இருக்கிறது.

1998 தையில் பூநகரி மாமி விழுந்தார். சாதாரண காய்ச்சல் என்று இருந்தது, மூன்றாம் நாள் பிதற்றத் தொடங்கினார். மூளையைத் தாக்கும் மலேரியா. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, நிலத்தில் கிடத்தியிருந்தார்கள். உயிர் தப்பியது. கொட்டிலுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். சாப்பாடும் இறங்கவில்லை, கதையும் இல்லை. அவருடைய மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத நேரம் அது. மலேரியா மட்டும் அவரைப் படுத்தவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவின் முற்றத்துப் பெண்கள் அப்போது மூன்று ஊர்களில் சிதறி இருந்தார்கள். துணுக்காய்க் காட்டில் பனை இல்லை. பன் வெட்டி இழைக்கலாம் என்று அயலிலிருந்த பழைய வன்னி ஆச்சி ஒருவர் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "அவள் பூநகரியாள். ஓலைதான் அவளுக்குச் சரி." மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் இருந்தாலும் இதற்கு ஆர் தருவார்கள்? மலையகத்து அக்காவின் மகன் சைக்கிளில் பூநகரிக்குப் போய் ஒரு கட்டுச் சார்வோடு வந்தான். சாயம் கிடைக்கவில்லை, பாய் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று முடிவானது. சத்தகங்கள் வீடுகளோடு போய்விட்டன. அம்மாவின் சத்தகம் மட்டும்தான் இருந்தது, அதனால் எல்லா ஓலையையும் அவரே வார்ந்தார். தையின் பனி ஓலைக்கு நல்லது என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் அந்த ஒரு நல்லதைப் பிடித்துக்கொண்டு சந்தோசப்பட்டார்கள்.

பாய் கொட்டில் கொட்டிலாகப் போனது. அக்கராயனிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு, அங்கிருந்து மல்லாவிக்கு. சுருட்டி சைக்கிள் கரியரில் கட்டி நான்தான் பாதி வழி கொண்டுபோனேன். அப்போது நான் மரத்துக்குக் கீழே நடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சில தடவை பிள்ளைகளுக்கு முன்னாலேயே பாயை விரித்து, ஓலை காய்ந்துபோகாமல் தண்ணீர் தெளித்திருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று கேட்ட பிள்ளைகளுக்கு அங்கேயே காட்டிக் கொடுத்தேன். அன்றைக்குப் பாடநூலும் இல்லை, கொப்பியும் இல்லை, ஓலை இருந்தது.

பாயை மாமிக்கு முன்னால் விரித்தபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அவருடைய கையை எடுத்துப் பாயின் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் பின்னலோடு நகரத் தொடங்கின. "இது வடமராட்சியாளின்ர கை, இறுக்கிப் போடுவா. இஞ்ச தளந்து கிடக்கு, இது தீவாள். இது ஆர்?" அது மலையகத்து அக்காவின் இடம். சொன்னோம். "அவள் வலு திறமா வந்திட்டாள்" என்றார். கொட்டிலுக்கு வந்த பிறகு அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். நாலாம் விளிம்பை அவர் உடனே முடிக்கவில்லை. நாலைந்து ஓலை மடிப்பார், களைத்துப் படுப்பார். பங்குனி முடியும்போது விளிம்பும் முடிந்தது. ஓலை மருந்து வேலை செய்தது என்று நான் சொல்ல வரவில்லை, குளிசை இல்லாவிட்டால் அவர் தையிலேயே போயிருப்பார். ஆனால் எழும்பி இருப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

ஜப்பானில் நடந்த ஒன்றைப் பிற்காலத்தில் படித்தபோது அம்மாவின் முறைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஹிரோஷிமாவில் 1955இல் அணுகுண்டுக் கதிர்வீச்சால் குருதிப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சசாகி சடாகோ என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கதை பலருக்குத் தெரியும். காகிதக் கொக்குகளை நகோயாவிலிருந்தவர்கள் மடித்து அந்த ஆஸ்பத்திரி நோயாளருக்கு அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை மருந்து சுற்றிவந்த தாளிலெல்லாம் தானே மடிக்கத் தொடங்கினாள். அவள் அந்த ஒக்டோபரில் இறந்துபோனாள். ஆனால் கடைசி மாதங்களில் அவள் கை சும்மா கிடக்கவில்லை.

போர் பனையை எப்படித் தின்றது என்பதை பளை, முகமாலைப் பக்கம் போனவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். ஷெல்லில் தலை போன மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. தப்பிய மரங்களைத் தறித்துப் பதுங்குகுழிக்கு மேல் அடுக்கினார்கள், படையினரும் போராளிகளும் சனமும். உயிர் காக்கத் தறித்த மரத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தலைமுறைக்கு ஓலை இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். நிவாரணமாக வந்த தறப்பாளும் பிளாஸ்ரிக் பாயும் மிச்சத்தை முடித்தன.

போர் முடிந்த 2009 பற்றி விரிவாக எழுத எனக்கு இங்கே இடமில்லை. மெனிக் பாம் முகாமில் ஒன்றைக் கண்டேன், அதை மட்டும் பதிகிறேன். செட்டிகுளத்து முகாம் வலயங்களில் அந்த வருடம் கொப்புளிப்பான் பரவியது. முள்ளுக்கம்பிக்குள் பனையோலை ஏது? நிவாரணப் பெட்டிகளைக் கட்டிவந்த பிளாஸ்ரிக் பட்டிகளைப் பெண்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் கொப்புளிப்பானோடு கிடந்த சின்னப்பிள்ளைக்கு மூன்று பேர் சேர்ந்து அந்தப் பட்டியில் கிலுகிலுப்பை இழைத்து, உள்ளே சின்னக் கல்லுப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா. எழுபது வயது தாண்டியிருந்தார், சத்தகம் இல்லை, பட்டியைப் பல்லால் கிழித்தார்.

பூநகரி மாமியின் பாய் 2008 வரை அவரிடம் இருந்தது. பிறகு இடப்பெயர்வில் போன சாமான்களோடு அதுவும் போனது. மாமி மீண்டு வந்தார், அவருடைய மகன் வரவில்லை. மலேரியா போய்விட்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடென்று சான்று கொடுத்தது. வன்னியில் இப்போது சனத்தைப் படுத்துவது சிறுநீரக வருத்தமும் சீனி வருத்தமும் புற்றுநோயும். வருடக்கணக்கில் படுக்கும் வருத்தங்கள் இவை. பார்க்க வருகிறவர்கள் முதல் மாதத்தோடு நின்றுவிடுகிறார்கள். படலை திறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிற வருத்தக்காரரை எனக்கு இந்த ஊரில் மட்டும் பலரைத் தெரியும்.

ஓலை வேலைப் பயிற்சிகள் இன்றும் நடக்கின்றன. கைப்பையும் மேசை விரிப்பும் அழகாகச் செய்கிறார்கள், கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன. நல்ல விசயம், அந்தக் காசு பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வேண்டும். அந்த வகுப்புகளை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விற்கிற சாமானோடு, விற்காத ஒரு பாயையும் ஒவ்வொரு அணியும் கூடி இழைக்கட்டும். அதை ஊரில் நாட்பட்டுப் படுத்திருக்கும் ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நாலாம் விளிம்பை முடிக்க வேண்டாம்.

வாசிக்கிற உங்களுக்கும் அதையேதான் சொல்லுகிறேன். சத்தகம் பிடித்த கைகள் உருத்திரபுரத்திலும் பூநகரியிலும் முள்ளியவளையிலும் இன்னும் இருக்கின்றன, பெரும்பாலும் எழுபதுக்கு மேலே. போய்ப் பக்கத்தில் இருந்து, தொடக்கம் எப்படிப் போடுவது என்பதை மட்டுமாவது பழகிக்கொள்ளுங்கள். ஓலை காய வெயில் வேண்டும், ஆகவே மாரிக்கு முன்னம் போங்கள்.